சிங்கோனாவும் மலையகமும்

மூலிகைகளை ஆய்வுகூடத்திற் பரிசோதிக்கும் முயற்சி இன்று சீனாவோடு இணைத்தே பேசப்படுகின்றது. சீனப் பழநூலொன்றின் குறிப்பைத் துணைக்கொண்டு, 1970களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கு மருந்து கண்ட தூ யூயூ, 2015இல் நோபல் பரிசு பெற்றார். அதே நோய்க்குரிய வேறொரு மூலிகையின் வரலாறு நமது மலையகத்தோடு பிணைந்ததாகும். தேயிலை வரலாற்றில் அஃது ஓர் அடிக்குறிப்பாகவே ஒதுக்கப்பட்டமை வருந்தத்தக்கது.

தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளுக்குரிய சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து, 1820இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் கொயினாவைப் பிரித்தெடுத்தனர். 1861இல் நுவரெலியாவை அடுத்த ஹக்கலையில் சிங்கோனா நாற்றுக்கள் வளர்க்கப்பட்டன. தேயிலையால் மட்டும் நாம் நினைவுகூரும் ஜேம்ஸ் டெயிலர், லூல்கந்துரையிற் சிங்கோனாவையும் பயிரிட்டவரே. எனினும் துரைமார் பலர் தொடக்கத்தில் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கிய பின்னரே, திக்கோயா, டிம்புளைப் பகுதிகளிலெல்லாம் சிங்கோனா பரவியது. 1880களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை கப்பலேறியது. சந்தை நிரம்பி விலை சரிந்தது. மரங்கள் தறிக்கப்பட, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

மிகையுற்பத்தி மட்டுமே இவ்வீழ்ச்சிக்குக் காரணமெனக் கூறுவது போதாது. யாவாவில் ஒல்லாந்தர், 1865இல் வாங்கிய விதைகளிலிருந்து வளர்ந்த மரங்களின் பட்டையை இரசாயன முறையிற் பகுத்தாய்ந்து, கொயினா மிகுந்தவற்றைத் தெரிந்து பெருக்கினர். நமது துரைமாரோ கோப்பியில் இழந்ததை விரைந்து மீட்கவே பட்டை உரிப்பித்தனர். மூலிகை அவர்களுக்கு ஒரு சரக்கேயன்றி ஆராய்ச்சிப் பொருளன்று.

பட்டையை உரித்து உலர்த்திய தொழிலாளரைப் பற்றி ஏற்றுமதிக் கணக்குகள் பேசுவதில்லை. அவர்களுட் பலர், அல்லது அவர்தம் பெற்றோர், மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். அவ்வழியிற் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டோர் பலர். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் 1872இலேயே இயற்றப்பட்டது.

1934-35இல் மலேரியா இலங்கையைத் தாக்கியபோது ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். உயரமும் குளிரும் நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களைப் பெரும்பாலும் காத்தன. கேகாலை, குருநாகல் கிராமங்களே பேரழிவைக் கண்டன. சூரியமல் இயக்கத்தார் ஊர் ஊராகச் சென்று கொயினா வழங்கினர். ஐம்பதாண்டுகளுக்கு முன் கோடி இறாத்தல் பட்டையை அனுப்பிய நாடு, அப்போது கொயினாவை வெளிநாட்டிலிருந்தே தருவிக்க வேண்டியிருந்தது.