80 தோல்விகளும் ஒரு கல்லூரியும்



பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் வென்றவர்களின் ஆண்டுகள்தான் இருக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு தோற்றவர்களின் கதைகளைத் தேடிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதில் ஒன்றை இன்று பகிர்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு வடமேற்கே, பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கால்பந்து அணி 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டங்களில் தோற்றது. ஒரு வெற்றிகூட இல்லை, சமன்கூட இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இதைவிட நீண்ட தோல்வித் தொடர் கிடையாது. (இது நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து.)

இவ்வளவு தோற்ற அணி என்றால் ஆடத் தெரியாதவர்களின் கல்லூரி என்றுதானே நினைப்போம்? அங்கேதான் வரலாறு நம்மை நிறுத்தி வைக்கிறது.

இந்தக் கல்லூரி 1876-இல் கறுப்பின இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்டது. நிலம் எது தெரியுமா? முன்பு அடிமைகள் உழைத்த ஆல்டா விஸ்டா என்ற பண்ணை. 1878-இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 8 பேர். டெக்சாஸின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த காலம் அது. கறுப்பினத்தில் பிறந்த நல்ல ஆட்டக்காரன் உள்ளூரில் ஆட வேண்டுமானால் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்குத்தான் வர வேண்டும்.

வந்தார்கள். பில்லி நிக்ஸ் என்ற பயிற்சியாளரின் கீழ் 1953, 1954, 1958, 1963, 1964 என ஐந்து முறை கறுப்பினக் கல்லூரிகளின் தேசிய சாம்பியன் பட்டத்தை பிரெய்ரி வியூ வென்றது. தொழில்முறைக் கால்பந்தில் புகழ்பெற்ற ஓடிஸ் டெய்லரும் கென் ஹூஸ்டனும் இங்கே ஆடியவர்கள்தான்.

பிறகு காலம் மாறியது. 1966-இல் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக ஜெரி லெவையஸ் என்ற கறுப்பின வீரர் ஆடத் தொடங்கினார். 1969-இல் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லாமல் தேசியப் பட்டம் வென்ற டெக்சாஸ் பல்கலைக்கழகமும் அடுத்த ஆண்டே ஒரு கறுப்பின வீரரை அணியில் இறக்கியது. பெரிய மைதானம், நிறைய பணம், தொலைக்காட்சி வெளிச்சம் எல்லாம் அந்தப் பக்கம். திறமையும் அந்தப் பக்கம் நகர்ந்தது. இளைஞர்களைக் குறை சொல்ல முடியுமா? அது அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த உரிமை.

கதவு திறந்தது நியாயம். ஆனால் கதவு சாத்தியிருந்த காலத்தில் அந்தப் பிள்ளைகளை வளர்த்த கல்லூரிக்கு யாரும் ஈடு செய்யவில்லை. இந்த இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்தால்தான் இந்த வரலாறு புரியும்.

1990-இல் நிதிக் குளறுபடிகளால் அந்த ஆண்டு ஆட்டமே நிறுத்தப்பட்டது. 1991-இல் அணி திரும்பி வந்தபோது விளையாட்டு உதவித்தொகை கிடையாது. எதிரணிகளில் ஆடியவர்களுக்குப் படிப்புச் செலவைக் கல்லூரி ஏற்றது. இவர்களோ ஆடுவதற்காக ஒரு காசும் பெறாத மாணவர்கள். அந்த ஒரு பருவத்தில் இவர்கள் எடுத்த மொத்தப் புள்ளிகள் 48. விட்டுக்கொடுத்தவை 617. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் அடுத்த ஆண்டு களமிறங்கினார்கள், அதற்கடுத்த ஆண்டும்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகமும் 1983 முதல் 1988 வரை 44 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றது. ஆனால் அது பணமும் பெயரும் உள்ள இடம். அங்கே தோல்வி ஒரு வேடிக்கைச் செய்தி. பிரெய்ரி வியூவில் அதற்கு வேறு கனம்.

அப்படியும் கூட்டம் வந்தது. காரணம், 'மார்ச்சிங் ஸ்டார்ம்' என்ற கல்லூரி இசைக்குழு. இடைவேளையில் அவர்கள் வாசிப்பதைக் கேட்கவே பலர் வந்தார்கள். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரிக்காகவே போகிறவர்கள் நம் ஊரில் இல்லையா, அதுபோல.

1998 செப்டம்பர் 26. ஓக்லஹோமா நகரில் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தை 14-12 என்று பிரெய்ரி வியூ வென்றது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் வெற்றி! ஆனால் அன்று இசைக்குழு மைதானத்தில் இல்லை. ஒரு வாரம் முன்பு சதர்ன் பல்கலைக்கழக இசைக்குழுவுடன் கைகலப்பாகி, இரண்டு குழுக்களுக்கும் இரண்டு ஆட்டங்கள் தடை விதித்திருந்தார்கள். தோற்ற நாளெல்லாம் வாசித்தவர்களுக்கு வென்ற நாளில் வாசிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

2009-இல் பிரெய்ரி வியூ தன் வட்டாரக் கூட்டமைப்பின் பட்டத்தையும் வென்றது. 1964-க்குப் பிறகு அதுவே முதல் முறை. இடையில் 45 ஆண்டுகள்.

மதிப்பெண் பட்டியலின் கடைசிப் பெயரைப் பார்த்ததும் 'படிக்கவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று கேட்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. 0 என்பது ஒரு விடை. அது எப்படி வந்தது என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது.

வெல்ல மாட்டோம் என்று தெரிந்தும் சனிக்கிழமைதோறும் சீருடை அணிந்த அந்த மாணவர்களின் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர்கள் ஆடாமல் இருந்திருந்தால் 1998-இல் வெல்வதற்கு அணி என்ற ஒன்றே இருந்திருக்காது.

உங்கள் பள்ளி, கல்லூரி அணிகளில் இப்படித் தோற்றுக்கொண்டே ஆடியவர்கள் உண்டா? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.