கால், அரை, முக்கால் – நம் பின்னக் கணக்கின் கதை



ஆறாம் ஆண்டு முடித்துப் புதுமுக வகுப்புக்கும் படிவம் ஒன்றுக்கும் போகிற நம் பிள்ளைகளில் பலர், கணக்கில் முதன்முதலாகத் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் கலப்புப் பின்னத்தைக் கழிப்பது. ஐந்தே காலிலிருந்து இரண்டே முக்காலைக் கழி என்றால், ஐந்தில் இரண்டு போனால் மூன்று, முக்காலில் கால் போனால் அரை, ஆகவே மூன்றரை என்று எழுதி விடுகிறார்கள். விடை தவறு. மேலே இருப்பது கால், கீழே இருப்பது முக்கால். சிறியதில் பெரியது போகாது என்பதை மறந்து, திருப்பிக் கழித்து விடுகிறார்கள்.

இதே கணக்கை மளிகைக் கடையில் நிற்கும் ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். "அஞ்சே காலுல ரெண்டே முக்கால் போனா ரெண்டரை" என்று பட்டென்று சொல்லி விடுவார். எழுத்துப் படிக்காதவருக்கு இது எப்படி வந்தது? அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 'எண்சுவடி' என்னும் வாய்பாட்டை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். ஒன்று, இரண்டு என்ற முழு எண்களோடு பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி எழுத்தும் நம் மொழியில் இருந்தன. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. வீசம் அல்லது மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்! முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி என்று இறங்கி, நிலத்தை நுட்பமாக அளந்தவர்கள் சோழர் காலத்துக் கணக்கர்கள்.

ஏன் 320? இதில்தான் நம் முன்னோரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஒரு கால் என்பது 80 முந்திரி. நாலுமா, அதாவது ஐந்தில் ஒன்று, 64 முந்திரி. காலில் நாலுமா போனால் மிச்சம் 16 முந்திரி, அதாவது ஒரு மா. இன்று வகுப்பில் பகுதி எண்ணைச் சமப்படுத்து என்று ஆசிரியர் சொல்கிறாரே, அந்த வேலையை அவர்கள் அளவைக்குள்ளேயே முடித்து வைத்து விட்டார்கள்.

இந்தத் திண்ணைப் பள்ளியின் புகழ் கடல் தாண்டியும் போயிற்று. சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் அந்த முறை 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

இனி நம் மலாக்காவுக்கு வருவோம். ஆயர் குரோவுக்கு அருகில் உள்ள புக்கிட் லிந்தாங்கில்தான் 1896-இல் தான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். பின்னர் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டக் கப்பலேறி வந்த நம் மக்கள், துணிமூட்டையோடு கால், அரை, வீசத்தையும் கொண்டு வந்தார்கள். ஊரில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். இங்கே வந்து பார்த்தால் ஒரு கட்டிக்கு 16 தாயில்! பழகிய கணக்கு அப்படியே கை கொடுத்தது.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். அந்தச் சிறு கொட்டகைகளில் கற்ற கணக்குத்தான், பால் நிறுவையிலும் கடைப் பற்றுச் சீட்டிலும் நம்மவர் ஏமாறாமல் காத்தது. கணக்குத் தெரியாதவன் உழைப்பில் கால் பங்கு அடுத்தவன் பைக்குள் போகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

மாணவர்களே, அந்த வழியிலேயே நம் கணக்கைப் போடுவோம். ஐந்தே கால் கட்டி என்பது 5 கட்டி 4 தாயில். இரண்டே முக்கால் என்பது 2 கட்டி 12 தாயில். நாலு தாயிலில் பன்னிரண்டு போகாது. ஆகவே ஒரு கட்டியை உடையுங்கள். இப்போது 4 கட்டி 20 தாயில். கழித்தால் 2 கட்டி 8 தாயில், அதாவது இரண்டரை. புத்தகத்தில் 5 1/4 என்பதை 4 5/4 என்று மாற்றுவதும் இதுவேதான். முழு எண்ணில் ஒன்றை உடைத்துப் பின்னத்தோடு சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

பாட்டியின் வழி இன்னும் சுலபம். ரெண்டே முக்காலிலிருந்து மூணுக்கு ஒரு கால், மூணிலிருந்து அஞ்சுக்கு ரெண்டு, மேலே ஒரு கால். ஆக ரெண்டரை.

இன்னொன்று: மூன்றே அரைக்காலில் ஒன்றே மூன்று வீசத்தைக் கழியுங்கள். அரைக்கால் என்பது இரண்டு வீசம். இரண்டில் மூன்று போகாது. மூன்றில் ஒன்றை உடைத்தால், இரண்டும் பதினெட்டு வீசமும். கழித்தால் மிச்சம் ஒன்றும் பதினைந்து வீசமும். பதினைந்து வீசம் என்பது முக்காலே மூணு வீசம்! "வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். முழுசாக ஒரு வீசம்தான் பாக்கி.

இந்தியாவில் 1957-இல் அணா போயிற்று. மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் கட்டியும் தாயிலும் படிப்படியாகக் கிலோவுக்கு இடம் விட்டன. தோட்டங்கள் பலவும் மறைந்து விட்டன. இப்போது வீட்டில் அரைக்கால், வீசம் என்ற சொல்லே கேட்பதில்லை. சொல் போனால் அதன் பின்னால் இருந்த கணக்கும் போய்விடும்.

ஆகவே பெற்றோர்களே, "எங்களுக்கு என்ன தெரியும், எல்லாம் வாத்தியார் பார்த்துக்குவார்" என்று ஒதுங்காதீர்கள். கோதுமை மாவு அளக்கும்போது, துணி வெட்டும்போது, "முக்கால் போனா மிச்சம் எவ்வளவு?" என்று கேளுங்கள். விடை தப்பானால் திட்டாமல், ஒன்றை உடைத்துக் காட்டுங்கள். பரிசு வாங்கும் பிள்ளைக்கும், இன்று வாங்காமல் கைதட்டும் பிள்ளைக்கும் நீங்கள் கொடுக்கக்கூடிய செல்வம் இது. செலவில்லாத செல்வம்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!