எண்ணூர்த் தண்ணீரும் கண்ணாடியின் நிறமும்

நீச்சல் கண்ணாடிக்கு எந்த நிறம் என்பதை வாங்குபவரின் ரசனைக்குரிய விஷயமாகவே கடைகள் நடத்துகின்றன. தமிழ்க் கடற்கரையில் மூழ்கித் தொழில் செய்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால், அதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது என்று தெரியும். கொற்கைக் காலம் தொட்டு, 1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, இந்தத் தொழில் பெரும்பாலும் வெறுங்கண்ணால் நடந்தது. கண்ணாடிக்குப் பதிலாக அவர்கள் பருவத்தையும் பொழுதையும் தேர்ந்தெடுத்தார்கள். வடகிழக்குப் பருவமழையின் கலங்கல் அடங்கி, கடல் தெளியும் மாதங்களில்தான் முத்துச்சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு கூடும். இரவில் கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும்; விடிந்தபின் குளிப்பு தொடங்கும்; நண்பகலுக்குப் பிறகு கடற்காற்றோடு திரும்பும். வெயில் ஏற ஏற அடியில் வெளிச்சம் கூடும் நேரத்தில் குளியாளிகள் நீருக்குள் இருந்தார்கள். காற்றுக்காக வகுத்த ஒழுங்கு இது. கண்ணுக்கும் அதுவே உதவியது.

வெறுங்கண்ணே போதுமாக இருந்ததென்றால் கண்ணாடி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அவர்களுக்குக் கண் முழுதாக வேலை செய்யவில்லை என்பதே பதில். கண்ணின் ஒளிகுவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வெளிப்புற வளைவிலிருந்து வருகிறது. அது காற்றைத் தொடும்போதுதான் அந்த ஆற்றல். தண்ணீர் பட்டால் போய்விடும், எல்லாம் மங்கிவிடும். பழகினால் ஓரளவு ஈடுகட்டலாம். தாய்லாந்துக் கடலோர மோக்கன் இனக் குழந்தைகள், நீருக்குள் கண்மணியைச் சுருக்கி, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்று 2003இல் அன்னா கிஸ்லென் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. ஆனாலும் கண்ணுக்கு முன் காற்றை நிறுத்தும் கண்ணாடி தரும் தெளிவுக்கு அது ஈடாகாது. மண்டபம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இன்று கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்குவதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நிறம் எங்கே வந்து சேர்கிறது என்பதைச் சங்கு ஒன்றே காட்டிவிடும். நம் பூஜையறையில் வெள்ளையாக இருக்கும் சங்கு, கடலடியில் பழுப்புத் தோல் போர்த்திக் கிடக்கும். பாதி மணலில் புதைந்தும் இருக்கும். சிவப்பொளி முதல் சில மீட்டரிலேயே தண்ணீரில் கரைந்துவிடுகிறது. கீழே எஞ்சுவது நீலமும் பச்சையும்தான். அதில் பழுப்பும் மணலும் ஒன்றாகிவிடும். ஆகவே சங்கு ஊர்ந்து போன தடத்தைத் தேடிப் போய்த்தான் குளியாளிகள் அதை எடுத்தார்கள். மஞ்சள் கண்ணாடி இங்கே உதவக்கூடும்: சிதறிப் பரவும் நீலத்தை அது தடுப்பதால் தடத்தின் விளிம்பு எடுப்பாகத் தெரியும். ஆனால் எந்த நிறக் கண்ணாடியும் வெளிச்சத்தைக் கூட்டாது, குறைக்கவே செய்யும். மஞ்சள் போட்டால் பிரகாசமாகத் தெரிகிறது என்று சொல்பவர்கள் உணர்வது கூடிய வெளிச்சத்தையல்ல, கூடிய வேறுபாட்டை.

எண்ணூருக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. சென்னைத் துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்ததால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டது. இன்று அலைகள் கொட்டிய பாறைகளில் மோதுகின்றன. மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆறு வண்டலைக் கொண்டுவருகிறது. இவை போதாதென்று 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும் வந்தன. சாம்பல் குழாய்க் கசிவுகள் கழிமுகத்தின் தரையையே மாற்றின. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் படர்ந்தது. வண்டலும் சாம்பலும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிய துகள்கள். எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். நீலத்தை மட்டும் வடிகட்டும் மஞ்சள் கண்ணாடிக்கு அங்கே வேலையே இல்லை.

காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் கழுத்தளவு நீரில் நின்று இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்களுக்குக் கண்ணாடி எதற்கு என்ற மறுப்பும் உண்டு. தொழிலைப் பொறுத்தவரை அது சரியே: அவர்களின் கை, சேற்றை அறிந்த கை. ஆனால் சேற்றின்மேல் சாம்பல் படிந்தபோது கையின் அறிவும் சேர்ந்தே தடுமாறியது. கண்ணுக்குக் கண்ணாடி உதவாத அதே காரணமே கையையும் முடக்கியது. வெளியிலிருந்து வாங்கிவரும் எந்தக் கருவியும் இந்த நீரின் கலங்கலை ஈடுகட்டாது என்று நான் சொல்வதற்கு இதுவே சான்று.

நீந்துபவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. திறந்த கடலில் உச்சி வெயில் கண்ணைக் கூச வைத்தால் கருநிறம் அல்லது பளபளப்புப் பூச்சு வாங்கலாம். பசுமையான, ஓரளவு தெளிந்த நீருக்கும் மேகமூட்டமான காலைக்கும் வெளிர் மஞ்சள் போதும். கூரை போட்ட குளத்துக்கு நிறமற்றதே நல்லது. எண்ணூர்க் கழிமுகத்துக்கு எந்த நிறமும் வேண்டாம். அங்கே நீந்தவும் வேண்டாம். அந்தச் சாம்பலை அகற்ற வேண்டியவர்களிடம் அதைக் கேளுங்கள்.