சானட்டோரியம் ஸ்டேஷனும் அஞ்சு கிலோ அரிசியும்

குரோம்பேட்டை தாண்டினா, தாம்பரத்துக்கு முன்னாடி ரயில் நிக்குமே, "தாம்பரம் சானட்டோரியம்"... அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா?

சானட்டோரியம்னா காசநோயாளிகள் மாசக்கணக்கில் தங்கி சிகிச்சை பெறும் இடம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே அதைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் இதே போன்ற இடத்தை நடத்தியவர். 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான்.

அன்னிக்குக் காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடு. இவ்வளவுதான் வைத்தியம்.

1950-களில் மருந்துகள் வந்தாச்சு. ஆனா நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ கொஞ்சம். ஒண்டுக்குடித்தனத்துல, அரைவயித்துச் சாப்பாட்டோட இருக்கிறவருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தா குணமாகுமா? கூட இருக்கும் பிள்ளைகளுக்குத் தொத்தாதா?

இதற்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னை. 1956-ல் இங்கே காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானட்டோரியம், பாதிப் பேருக்கு வீடு. மருந்து ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள்: சானட்டோரியத்தில் 92%, வீட்டில் 86%. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு ரொம்பவே சுமார், எடையும் குறைவாகத்தான் ஏறியது. ஆனாலும் குணமானார்கள். ஐந்து ஆண்டுகள் குடும்பத்தினரைக் கவனித்ததில், வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூடுதலாக நோய் வரவில்லை.

ஓராண்டு முடிவு 1959-லேயே வெளியானது. நோயாளியை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கும் காலம் முடிவுக்கு வந்தது.

ஆனா இதுல ஒரு சிக்கல். "மருந்து இருந்தா போதும், சாப்பாடு முக்கியமில்லை"ன்னு பலர் புரிஞ்சுக்கிட்டாங்க. அந்த ஆய்வு கேட்டது, நோய் வந்தவர் குணமாவாரா என்று. யாருக்கு நோய் வருகிறது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க 2023 ஆயிற்று. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் "ரேஷன்ஸ்" என்ற ஆய்வு. நம்ம சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதி வீடுகளில் மட்டும் குடும்பத்தினருக்கும் சேர்த்து: ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்தது.

யோசிச்சுப் பாருங்க. தடுப்பூசி இல்லை, புது மருந்து இல்லை. அரிசியும் பருப்பும்!

அதனால உங்க கிட்ட மூணே விஷயம்:

ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? சளிப் பரிசோதனை பண்ணுங்க. அரசு மருத்துவமனையில் இலவசம்.

நோயாளிக்கு மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்குக்கு வரும். வாங்கித்தர உதவுங்க.

தெரிஞ்ச வீட்டுல யாருக்காவது காசநோய்னா தட்டைத் தனியா வைக்காதீங்க, தட்டு மூலமா இது பரவாது. முடிஞ்சா அந்தக் குடும்பத்துக்கே ஒரு மாச அரிசி, பருப்பு வாங்கிக் கொடுங்க. அதுவும் வைத்தியம்தான்.