எல்லைப்புறத்தின் பிரிவு 40

சிரோ கெர்ரா இயக்கிய ‘வெய்ட்டிங் ஃபார் தி பார்பேரியன்ஸ்’ (2019) படம், பெயர் சொல்லப்படாத ஒரு பேரரசின் எல்லைக் காவல் நகரில் நடக்கிறது. அங்கே நெடுங்காலம் நிர்வாகம் பார்த்துவரும் முதிய மாஜிஸ்திரேட்டாக மார்க் ரைலன்ஸ் நடித்திருக்கிறார். பழைய இடிபாடுகளைத் தோண்டி எழுத்துப் பலகைகளைச் சேர்த்துவைக்கும் சாதுவான மனிதர் அவர். தலைநகரிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்திறங்கும் கர்னல் ஜோல் (ஜானி டெப்), நாடோடி மக்களைப் பிடித்துவந்து வதைத்து, அவர்கள் படையெடுக்கப் போவதாக வாக்குமூலம் வாங்குகிறார். ஜே. எம். கூட்ஸி 1980இல் வெளியிட்ட நாவலுக்கு அவரே திரைக்கதை எழுதியிருக்கிறார். மாஜிஸ்திரேட்டும் அதே அதிகாரத்தின் இன்னொரு முகம்தான் என்பதை நாவல் அழுத்தமாகவே உணர்த்துகிறது. திரையிலோ நல்லவர், கெட்டவர் என்ற இரண்டு முகங்களே பார்ப்பவர் மனதில் தங்குகின்றன. உண்மையான எல்லைப்புறம் ஒன்றின் ஆவணங்களைப் புரட்டினால், கர்னல் வருவதற்கு முன்பே கொடுமை அங்கே குடியிருந்தது தெரியும். அது மாஜிஸ்திரேட்டின் மேசைமீது சட்டப் புத்தகமாக இருந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையை எடுத்துக்கொள்வோம். 1849இல் பஞ்சாபைக் கைப்பற்றியதும் பெஷாவர், கோஹாட், பன்னு ஆகிய பஷ்தூன் மாவட்டங்கள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. 1867இல், மதவெறியில் கொலை செய்பவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டம் பிறந்தது. அதில் மேல்முறையீடு இல்லை. தூக்கிலிட்டவரின் உடலை என்ன செய்வது என்பதும் அதிகாரியின் விருப்பம். அடக்கம் செய்வதையே மார்க்கக் கடமையாகக் கொண்டவர்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. 1872இல் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1887இல் திருத்தி எழுதப்பட்ட அச்சட்டம், கர்சன் வடமேற்கு எல்லை மாகாணத்தைப் பிரித்து அமைத்த 1901இல் இறுதி வடிவம் பெற்றது. அதன்படி டெபுடி கமிஷனர் ஒரு வழக்கை நீதிமன்றத்திலிருந்து எடுத்து, தாமே நியமிக்கும் மூப்பர் குழுவான ஜிர்காவிடம் ஒப்படைக்கலாம். அதன் முடிவைக் கொண்டு 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை தரலாம். பிரிவு 21, பகைமை காட்டும் ஒரு குலத்தின் ஆட்கள் யாரையும் பிடித்துவைக்கவும், சொத்தைப் பறிமுதல் செய்யவும், அந்தக் குலமே பிரிட்டிஷ் பகுதிக்குள் நுழையாமல் முற்றுகையிடவும் இடம் கொடுத்தது. பிரிவு 23இன்படி, கொலையுண்டவரின் உடல் ஊர் எல்லைக்குள் கிடந்தால் ஊராரே குற்றத்துக்கு உடந்தை. கொலையைத் தடுக்க வழியில்லாமல் போனது என்றோ, கொலையாளியைப் பிடிக்க இயன்றதையெல்லாம் செய்தோம் என்றோ காட்டவேண்டிய சுமையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது.

இதற்கு அன்றைய நிர்வாகிகளிடம் ஒரு பதில் இருந்தது. எல்லையில் கொள்ளையும் ஆள்கடத்தலும் பழிக்குப்பழிக் கொலைகளும் அன்றாடம் நடந்தன. சாட்சி சொல்ல யாரும் முன்வரவில்லை. வழக்கமான நீதிமன்றங்களில் குற்றவாளிகள் தப்பினார்கள். ஜிர்கா வழியே மரண தண்டனை விதிக்க முடியாது என்பதால் இந்தச் சட்டம் இரக்கமுள்ளது என்றுகூட வாதிட்டார்கள். வன்முறை நடந்தது உண்மை. மரண தண்டனை இல்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த வாதம் தன்னையறியாமல் ஒன்றை ஒப்புக்கொள்கிறது. சாட்சியம் தேறாத இடத்திலும் தண்டனை வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். வதைத்து வாக்குமூலம் வாங்குகிற கர்னல் ஜோலுக்காவது, ஒப்புக்குத்தான் என்றாலும் ஒரு சாட்சியம் தேவைப்பட்டது. எல்லைச் சட்டம் அந்தத் தேவையையும் நீக்கிவிட்டது.

ஜிர்காவும் கூட்டுப் பொறுப்பும் பஷ்தூன்களின் சொந்த மரபுகள்தானே, ஆங்கிலேயர் அவற்றுக்கு மதிப்பளித்தார்கள் என்று சொல்லக்கூடாதா என்பது அடுத்த கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். மரபான ஜிர்காவில் இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து பேசும். பகையைத் தீர்த்து இணக்கம் காண்பது அதன் வேலை, சிறைக்கு அனுப்புவது அல்ல. சட்டத்தின் ஜிர்காவிலோ உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர் அதிகாரி. அவர்கள் சொன்னதை ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் அவரே. கூட்டுப் பொறுப்பும் அப்படித்தான். ஏறக்குறைய சமபலம் கொண்ட இரண்டு குலங்களுக்கிடையே அது கட்டுப்பாடாக இருந்தது. ஒரு பக்கம் ஊரும் மறுபக்கம் பீரங்கி வைத்திருக்கும் அரசும் நின்றபோது அது வெறும் அடக்குமுறையாயிற்று. மரபின் பெயர் மிஞ்சியது. அதற்குள் இருந்த சமநிலை போய்விட்டது.

நல்ல அதிகாரிகளே இருக்கவில்லையா? இருந்தார்கள். ராபர்ட் வார்பர்ட்டனின் தாய் ஆப்கானியர். பஷ்தோவும் பாரசீகமும் அவருக்குச் சரளம். 1879 முதல் 1897 வரை கைபர் கணவாயை நிர்வகித்த அவரை அஃப்ரீதி குலத்தார் நம்பினார்கள். அவர் பதவியிலிருந்து விலகிய சில மாதங்களுக்குள், 1897 ஆகஸ்டில், அவர்களே எழுந்து கணவாயின் காவல் கோட்டைகளைக் கைப்பற்றினார்கள். பழிதீர்க்க ஜெனரல் லாக்ஹார்ட் தலைமையில் அவர்களுடைய திரா பகுதிக்குள் புகுந்த படை வீடுகளைக் கொளுத்தியது, கோபுரங்களைத் தகர்த்தது, தானியத்தை அள்ளிச் சென்றது. அந்தப் படையோடு வார்பர்ட்டனும் போனார். அவருடைய அன்பைப் பொய் என்று சொல்லவேண்டியதில்லை. பதினெட்டு ஆண்டுகள் சேர்த்த நம்பிக்கை அந்த மனிதர் மீதான நம்பிக்கையாக மட்டுமே இருந்தது. அஃப்ரீதிகள் உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடியதாக அதில் எதுவும் இல்லை. அதனால் அவர் போனதும் அதுவும் போயிற்று.

அதிகாரியின் குணம் எவ்வளவு சிறிய விஷயம் என்பதற்கு நமக்கு எல்லைக் காந்தி என்று பழக்கமான கான் அப்துல் கஃபார் கானின் வாழ்க்கையே சான்று. உத்மான்சாயில் தேசியப் பள்ளி நடத்திவந்த அவரை 1921இல் கைதுசெய்து, நன்னடத்தைப் பிணை கேட்டார்கள். தர மறுத்தவருக்கு அதே எல்லைச் சட்டத்தின் பிரிவு 40இன்படி மூன்றாண்டுக் கடுங்காவல். 1948இல் பாகிஸ்தான் அரசு அவரைக் கைதுசெய்தது. மறுபடியும் பிணை, மறுபடியும் மறுப்பு, அதே பிரிவு, அதே மூன்றாண்டுகள். இடையில் பேரரசு போய், கொடி மாறி, அந்த மண்ணைச் சேர்ந்தவர்களே ஆட்சிக்கு வந்திருந்தார்கள். ஜோல்களும் மாஜிஸ்திரேட்டுகளும் ஒருசேர வெளியேறிய பிறகும் அந்தப் பிரிவு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

காட்டுமிராண்டிகள் வாழ்வதாகச் சொல்லப்பட்ட எல்லைக்கு மட்டுமான விதிவிலக்கு இது என்றும் கருதிவிட முடியாது. 1871இல் வட இந்தியாவுக்காக எழுதப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டமும் கூட்டத்தையே குற்றவாளியாக்கும் இதே தர்க்கத்தில் நின்றது. 1911இல் விரிவான அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, பிரமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. ரேகைச் சட்டம் என்று அவர்கள் அழைத்த அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். எல்லைச் சட்டமோ பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் 2018 வரை நீடித்தது. அங்கே எல்லா வயதுவந்தோருக்கும் வாக்குரிமை கிடைத்ததே 1996இல்தான். குழந்தைகளையும் பெண்களையும் கூட்டுத் தண்டனையிலிருந்து விலக்கியது 2011இல்தான். ஒரு காவல் நகரின் அதிகாரி எப்படிப்பட்டவர் என்று கேட்பது திரைக்கதைக்குப் போதும். வரலாறு கேட்கவேண்டியது, அவர் முன் நிறுத்தப்பட்டவர் அவருடைய தீர்ப்பை எதிர்த்து வேறெங்காவது முறையிட முடிந்ததா என்பதை. முடியாத இடத்தில் அதிகாரியின் இரக்கமும் அவருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரங்களில் ஒன்றுதான். நினைத்தால் தரலாம், நினைத்தால் நிறுத்தலாம்.