நூலகக் கணினியும் நம் தமிழ் நூல்களும்

காப்பாரிலிருந்து ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் வந்த ஆறாம் படிவ மாணவி, "சார், கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்தேன், புத்தகமே இல்ல" என்றார். புத்தகம் அடுக்கில்தான் இருந்தது. ஏன் இப்படி நடக்குது? வரலாற்றைப் பார்த்தால் புரியும்.

அட்டைக் காலம்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1959-இல் கோலாலம்பூருக்கு வந்தது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டு இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா'வை 1969-இல் அப்பல்கலைக்கழக நூலகமே வெளியிட்டது. அன்று நூலைத் தேட அட்டைப் பெட்டிதான் வழி.

கணினியின் வருகை

1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ராம் தலைமையில் 'மார்க்' முறை உருவானது. அட்டையில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்: ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245. நம் நாட்டில் தேசிய நூலகமும் பல்கலைக்கழக நூலகங்களும் சேர்ந்து 1978-இல் 'மால்மார்க்' திட்டத்தைத் தொடங்கின. ஒரு நூலகம் பதிந்ததை இன்னொரு நூலகம் மறுபடியும் பதிய வேண்டியதில்லை. பெரிய மிச்சம்தான்.

தமிழின் நிலை

மார்க்கின் பழைய எழுத்துத் தொகுதியில் சீனம், அரபு எழுத்துகள் பின்னர் சேர்ந்தன; தமிழ் சேரவில்லை. எனவே தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் ஏறின. நூலகங்கள் பரவலாகப் பின்பற்றும் விதிப்படி ளகரத்துக்கு 'எல்' கீழே புள்ளி, ழகரத்துக்குக் கோடு. அந்தக் குறிகளை விட்டால் தலை, தளை, தழை மூன்றும் ஒன்றாகிவிடும்! விதிப்படி திருக்குறள் 'டி'யில் தொடங்கி அடுத்து 'ஐ' வரும். நாமோ 'டிஎச்' போட்டே பழகியவர்கள். தட்டினால் 'இல்லை' என்றுதான் வரும்.

மாற்றம்

1991-இல் யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. இன்று மார்க் பதிவின் 880-ஆம் புலத்தில் தமிழ் எழுத்திலேயே தலைப்பைச் சேர்க்கலாம். ஆனால் பழைய பதிவுகள் தானாக மாறாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யணும்.

மாணவர்களுக்கு

முதலில் தமிழில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ரோமனில் 'டி', 'டிஎச்' இரண்டும் போட்டுப் பாருங்கள். பிறகு ஆசிரியர் பெயர். அப்புறமும் வரலையா? தமிழ் அடுக்கு எங்கே என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள். அந்த மாணவிக்கு அப்படித்தான் புத்தகம் கிடைத்தது.