இருதயக் குழாயைக் காந்தம் காட்டிக் கொடுக்குமா?

மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். மூளைக்குள் கடுகளவு கட்டி இருந்தாலும் அது காட்டிக் கொடுத்து விடுகிறது. அப்படியிருக்க, இருதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஏன் தொடையிலோ கையிலோ குழாய் செலுத்துகிறார்கள்? நேயர்கள் பலரின் மனத்தில் எழும் நியாயமான கேள்வி இது. பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1958ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் மருத்துவமனையில் டாக்டர் மேசன் சோன்ஸ், 26 வயது இளைஞர் ஒருவரைப் பரிசோதித்துக் கொண்டிருந்தார். இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பதுதான் திட்டம். ஆனால் குழாயின் நுனி நழுவி, இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் வலது பக்கச் சிறு குழாய்க்குள் போய்விட்டது. அதற்குள் சாயமும் பாய்ந்துவிட்டது. இருதயம் நின்றது. சோன்ஸ் பதறிப் போய், "இருமு, இருமு" என்று கத்த, அந்த இளைஞர் இரும, துடிப்பு திரும்பியது.

இருதயக் குழாய்க்குள் நேராகச் சாயம் செலுத்தினால் மனிதன் பிழைக்க மாட்டான் என்று அதுவரை மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அந்தத் தவறுதான் இன்றைய ஆஞ்சியோகிராம் சோதனைக்கு வழி திறந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு புதுக் கருவியும் இதனோடு ஒப்பிட்டுத்தான் அளக்கப்படுகிறது.

எம்.ஆர்.ஐ. அதற்குப் பின்னால் பிறந்த பிள்ளை. 1973இல் பால் லாட்டர்பர், தண்ணீர் நிரப்பிய இரண்டு சிறு குழாய்களைக் காந்தப் புலத்தால் படம் பிடித்துக் காட்டினார். 1977 ஜூலை 3ஆம் தேதி ரேமண்ட் டமாடியன் குழுவினர் ஒரு மனிதரின் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒரே ஒரு படம். அதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம்!

நோய்க்கு முக்கியமான இருதயக் குழாய்களின் அகலம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அசையாத பொருளாக இருந்தால் அதுவும் ஒரு பொருட்டல்ல. ஆனால் இருதயம் நிமிடத்துக்கு 70 தடவை துள்ளுகிறது. மூச்சு விடும்போது மேலும் கீழும் நகர்கிறது. ஓடுகிற பேருந்திலிருந்து சன்னமான நூலைப் படம் எடுப்பது போன்ற வேலை இது. மூளையும் முழங்காலும் சாதுவாகப் படுத்திருக்கும், இருதயம் அப்படியல்ல.

1993இல் பாஸ்டன் நகர டாக்டர் வாரன் மேனிங் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். நோயாளி சுமார் 16 துடிப்பு நேரம் மூச்சை அடக்க, அதற்குள் ஒரு படம். 39 பேரைச் சோதித்ததில், அடைப்புள்ள குழாய்களில் 100க்கு 90ஐக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். இனிக் குழாய் செலுத்தத் தேவையில்லை என்ற நம்பிக்கை துளிர்த்தது. அடுத்த ஆண்டே வேறொரு குழு 20 பேரைச் சோதித்தபோது கிடைத்த கணக்கு 63தான். அதே கருவி, அதே இருதயம், கணக்கு மட்டும் வேறு! சிறு எண்ணிக்கையை நம்பிப் பெரிய முடிவுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும்.

உண்மையான பரீட்சை 2001இல் நடந்தது. 7 மருத்துவமனைகள், 109 நோயாளிகள். இம்முறை மூச்சை அடக்கச் சொல்லவில்லை. உதரவிதானத்தின் அசைவைக் கருவியே கவனித்து, சரியான கணத்தில் மட்டும் படம் எடுத்தது. குழாயின் முன், நடுப் பகுதிகளில் 84 விழுக்காடுதான் தெளிவாகத் தெரிந்தது. முக்கியமான அடைப்புகளில் 83 விழுக்காடு பிடிபட்டது. மிக ஆபத்தான நிலை, அதாவது இடது பிரதானக் குழாயிலோ மூன்று குழாய்களிலுமோ அடைப்பு உள்ளவர்களில் ஒருவரையும் அது தவறவிடவில்லை. மெச்ச வேண்டிய விஷயம்தான்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டுமே. அடைப்பே இல்லாதவர்களில் 100க்கு 42 பேரை மட்டுமே "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அது சரியாகச் சொன்னது. மற்றவர்களுக்கு வீண் பயம், அதன் பின்னே வீணான ஆஞ்சியோகிராம். இந்த ஆய்விலும் மேனிங் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. தம்முடைய பழைய நம்பிக்கைக்கு இடிக்கும் கணக்கை அவர் ஒளித்து வைக்கவில்லை.

வீண் ஆஞ்சியோகிராம் சின்ன விஷயமா? குழாய் செலுத்தும்போது ரத்தக் கசிவு, அபூர்வமாகப் பக்கவாதம், மாரடைப்புகூட வரலாம். அமெரிக்காவில் ஏறக்குறைய 4 லட்சம் பேரின் பதிவுகளைப் புரட்டிய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. ஏற்கெனவே இருதய நோய் உறுதியாகாமல், அவசரமில்லாமல் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களில் 100க்கு 38 பேருக்குத்தான் பெரிய அடைப்பு இருந்தது. குழாய் செலுத்தாமல் பார்க்க வழி தேடி இத்தனை பேர் உழைத்ததற்குக் காரணம் இதுவே.

இதற்கிடையே 64 வரிசை சி.டி. ஸ்கேன் வந்து பந்தயத்தில் முந்திக்கொண்டது. சில நொடிகளில் படம் முடிந்துவிடும். 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, அடைப்புள்ள 100 பேரில் சி.டி. 97 பேரையும் எம்.ஆர்.ஐ. 87 பேரையும் கண்டுபிடித்தன. அதே ஆண்டு ஜப்பானில் 138 பேரிடம் நடந்த ஆய்விலும் எம்.ஆர்.ஐ. 88ஐத்தான் தொட்டது. சி.டி.க்கும் குறை உண்டு. கதிர்வீச்சு உண்டு, சுண்ணாம்பு படிந்த குழாயைப் பார்க்கத் தடுமாறும். எம்.ஆர்.ஐ.க்குச் சுண்ணாம்பு அவ்வளவு தொல்லையில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்த இடம் உலோகத்தால் கறுத்துப் போய்விடும்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. தோற்றதா? குழாயைப் பார்ப்பதை விட்டு, அந்தக் குழாய் ஊட்டும் தசையைப் பார்க்கத் திரும்பியது. மருந்து கொடுத்து இருதயத்தின் ரத்த ஓட்டத்தைத் தூண்டி, எந்தத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று காட்டும் சோதனை அது. 2012இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 752 பேரிடம் நடந்த ஆய்வில், அணு மருந்து கொண்டு செய்யும் பழைய ஸ்கேனைவிட அது அதிகமான நோயாளிகளைக் கண்டுபிடித்தது. 2019இல் 918 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு பாதிப் பேருக்கு எம்.ஆர்.ஐ. முதலில், மறுபாதிக்கு நேராக ஆஞ்சியோகிராமும் குழாய்க்குள் அழுத்த அளவீடும். ஓராண்டு கழித்து மரணம், மாரடைப்பு போன்றவை இரு தரப்பிலும் 100க்கு 4 பேருக்கும் குறைவு. ஆனால் ஸ்டென்ட் அல்லது அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் எம்.ஆர்.ஐ. தரப்பில் 36, மறுதரப்பில் 45.

குழாயையே நேராகப் பார்க்க எம்.ஆர்.ஐ. இன்றும் பயன்படும் இடங்கள் உண்டு. பிறவியிலேயே தவறான இடத்தில் புறப்படும் இருதயக் குழாய், கவாசாக்கி நோயால் குழாய் பலூன்போல் வீங்கிய பிள்ளைகள். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய பிஞ்சு உடம்புக்குக் கதிர்வீச்சு இல்லாத கருவி ஒரு வரம். வீக்கம் சற்றுப் பெரிதாக இருப்பதால் கண்ணுக்கும் தப்பாது. நடுத்தர வயதுக்காரர் நெஞ்சு வலியோடு வந்தால், குழாய் அடைப்பை நேராகப் பார்க்க டாக்டர் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் சி.டி.யோ ஆஞ்சியோகிராமோதான்.